நேர்ஸ் வீட்டுச் செவ்வகத்தி

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எழுபதுகளில் இந்த நாட்டில் வந்து இறங்கிய தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் எட்டு, ஒன்பது வயதிலேயே வேலைக்குப் போனவர்கள்தான். டொக்டரிடம், தபால் கந்தோரில், வாசல் மணியை அடிக்கிறவரிடம் அம்மாவுக்காக வாய் திறப்பதுதான் அந்த வேலை. அம்மா தமிழில் சொல்வார், நாம் இங்கிலீசில் சொல்வோம். பதில் வந்ததும் அதைத் தமிழாக்கிக் கொடுப்போம். நடுவில் நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்க யாரும் இருக்கவில்லை. அந்த வேலையில் நான் செய்த ஒரு களவை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். அதற்கு முதல் ஒரு செடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது நாங்கள் மெல்பேர்ன் நகரின் ஓரத்தில், நோபல் பார்க்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர் தனியாக இருந்தார். அவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இத்தாலிக்காரக் கிழவர். அவரும் தனி, ஆனால் ஒரு ஆடு வைத்திருந்தார். வெள்ளை ஆடு, ஒரு காது மட்டும் மண்ணிறம். பின்னேரங்களில் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து வீதியோரப் புல்லில் மேயவிடுவார். மேய்கிற நேரம் முழுக்க அதனோடு தன் பாஷையில் கதைப்பார். இடைக்கிடை ஏதோ கேட்டுவிட்டு, ஆடு யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்கு நேரமும் கொடுப்பார். எங்கள் படலையடியில் அம்மா நின்றால், தன் தோட்டத்துக் கீரையில் ஒரு கட்டை நீட்டுவார். அம்மாவுக்கு இங்கிலீசும் வராது, இத்தாலியும் வராது. இருவரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் அம்மாவுக்கு இருந்த சிநேகிதம் அவ்வளவுதான்.

நேர்ஸின் செடி எங்கள் வேலியை ஒட்டி நின்றது. ஆளுயரம் இருக்கும். குளிர் விட்டுப்போகிற நாட்களில் பூத்தது. சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், ஒவ்வொன்றும் கிளி மூக்குப் போல வளைந்து நுனி கூராக இருக்கும். அதன் பெயர் நேர்ஸுக்கே தெரியாது. கப்பலில் வேலை செய்த அவருடைய அண்ணன் எங்கிருந்தோ புகையிலை டின்னில் விதை கொண்டுவந்து நட்டாராம், எந்த ஊர் விதை என்று சொல்லாமலே செத்துப்போனாராம். தபால்காரர் அதைப் பாலைவனத்துப் பட்டாணி என்றார். பாலைவனத்துச் செடி நிலத்தில் படரும், அதன் பூவுக்குக் கறுப்புக் கண் உண்டு, இதற்கு அது இல்லை என்று நேர்ஸ் மறுத்தார். இத்தாலிக்காரர் ஏதோ அவரைக்காய் இனம் என்று கையால் காட்டினார். கடைசியில் நேர்ஸ் மெல்பேர்ன் தாவரப் பூங்காவுக்கே கடிதம் எழுதிவிட்டார். பூ இருக்கும்போதே ஒருவர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் வேலிக்கு மேலால் எங்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். அண்ணனின் செடிக்கு ஒரு பெயர் கிடைக்கப்போகிற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

அம்மாவுக்குப் பூங்காக்காரர் தேவைப்படவில்லை. செடியைப் பார்த்த முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“உது செவ்வகத்தி. இலையைப் பாருங்கோவன். ஈர்க்கில ரெண்டு பக்கமும் அடுக்கின மாதிரி.”

“இந்தக் குளிருக்குள்ள அகத்தியோ?” என்றார் அப்பா.

“அகத்தியை எனக்குத் தெரியாதோ?”

கந்தசஷ்டி வந்தது. அம்மா ஆறு நாளும் பாலும் பழமும்தான். அலுமாரியின் மேல்தட்டில் முருகன் படம், அதன் முன்னால் ஒரு சாம்பிராணிக் குச்சி. புகை மணத்தால் வீட்டுக்காரர் ஏதும் சொல்வாரோ என்று அப்பா யன்னலைத் திறந்துவைப்பார், நாங்கள் குளிரில் நடுங்குவோம். ஏழாம் நாள் காலை விரதம் முடிக்கிற பாறணை. பாறணைச் சோற்றோடு அகத்திக் கீரை இருக்கத்தான் வேண்டும் என்பது அம்மாவின் வீட்டு வழக்கம். அதற்கு முதல்நாள் பின்னேரம் அம்மா வேலியடிக்குப் போனதை நான் குசினி யன்னலால் கண்டேன். எங்கள் பக்கம் சாய்ந்திருந்த நாலைந்து கிளைகளைப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பில் இலையை உருவி முந்தானையில் போட்டார். வேலிக்கு இங்கால் சாய்ந்தது இங்காலுள்ளவருக்கு என்பது யாழ்ப்பாணத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். ஆனால் உருவுவதற்கு முதல் அம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை கீரை வறை வைத்தார். எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தும் அவியவில்லை. தோல் மாதிரி மென்று மென்று பார்த்தோம். கசப்பே இல்லை. கசக்காத அகத்தி உலகத்தில் இல்லையென்று எனக்கே தெரியும்.

“உது அகத்தி இல்லை,” என்றார் அப்பா.

அம்மா சட்டியைக் கொண்டுபோய்க் குப்பை வாளியில் கொட்டினார். ஆறு நாள் பசித்திருந்த முகம். எனக்கு அழுகை வந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கிழமையே செடி மொட்டையாகத் தொடங்கியது. எங்கள் பக்கம் மட்டுமல்ல, நேர்ஸின் பக்கத்திலும் இலை போனது. காலையில் பார்த்தால் இன்னொரு கிளையில் ஈர்க்கு மட்டும் நிற்கும். பூக்கொத்துகளும் அரைகுறையாகக் கிழிந்து தொங்கின. நேர்ஸ் வேலியடியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பூங்காவிலிருந்து ஆள் வர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அதற்குள் ஒரு பூவும் மிஞ்சாது என்றார். அப்பா தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“நான் ஒருக்காத்தான் எடுத்தனான். முருகன் அறிய ஒருக்காத்தான். போய்ச் சொல்லிவிடுவமே?” என்றார் அம்மா.

“நீர் வாயைத் திறக்கவேண்டாம். இந்தத் தெருவில நாங்கள் ஒரு குடும்பம்தான் கறுப்பு. இலை களவெடுத்தவை எண்டு பேர் வந்தால், நாளைக்கு ஆரின்ர சைக்கிள் துலைஞ்சாலும் எங்கட வீட்டிலதான் வந்து தேடுவினம்.”

அம்மாவை நான் நம்பவில்லை. இதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். இரண்டு பக்கமும் பார்த்த அந்தப் பார்வையை நான் கண்டிருந்தேன். அம்மா விடாமல் உருவுகிறார் என்று முடிவுகட்டி, ஒரு சந்தேகக் கொப்பி தொடங்கினேன். சிவப்பு மட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. அம்மா எத்தனை மணிக்கு உடுப்புக் காயப்போடப் போனார், எத்தனை மணிக்கு வந்தார், கையில் என்ன இருந்தது என்று எழுதினேன். முந்தானையை மணந்துகூடப் பார்த்தேன். உள்ளி மணம்தான் இருந்தது, அதையும் எழுதினேன். எந்த வீடு மாறும்போது அந்தக் கொப்பி தொலைந்ததோ தெரியாது. தொலைந்தது நல்லது.

ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் குசினியிலிருந்து கோதுமை மா எடுத்துப்போய் வேலியடியில் தூவினேன். அம்மாவின் கால்தடம் விழும் என்பது திட்டம். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கால்தடம் இல்லை. மாவின் நடுவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடின, காய்ந்த கஞ்சிபோல மினுங்கின. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் தேடியது ஒரு ஆளை, ஆகவே அந்தக் கோடுகள் எனக்குத் தேவைப்படவில்லை. “காற்று” என்று கொப்பியில் எழுதிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

நேர்ஸுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. எங்களை அவர் சந்தேகப்படவில்லை. அவருடைய சந்தேகம் ஆட்டில் விழுந்தது. ஒரு வருஷத்துக்கு முதல் அந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவருடைய தோட்டத்தில் நட்டிருந்த கோவாவைத் தின்றதாம். இத்தாலிக்காரர் கையை விரித்து, நெஞ்சில் தட்டி, கொட்டிலின் பூட்டைக் காட்டி என்னவெல்லாமோ செய்து பார்த்தார். நேர்ஸ் கேட்கவில்லை. கவுன்சிலுக்கு எழுதினார். கவுன்சில்காரர் வந்து வளவை அளந்துவிட்டு, இந்த அளவு வளவில் ஆடு வைத்திருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் அகற்ற வேண்டும் என்று சொல்லிப் போனார். நேர்ஸ் முறைப்பாட்டைத் திரும்ப வாங்கினால் பார்க்கலாம் என்றும் சொன்னாராம்.

புதன்கிழமை பின்னேரம் இத்தாலிக்காரர் எங்கள் படலையடியால் போனார். அன்றைக்கு அவர் ஆட்டோடு கதைக்கவில்லை. அம்மா அவர் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலையை இழுத்துச் செருகினார்.

“வா பிள்ளை, நேர்ஸிட்ட போவம்.”

“அப்பா வேண்டாம் எண்டவர்.”

“அப்பா வேலையால வாறதுக்குள்ள போட்டு வருவம். அந்த மனுசனுக்கு வேற ஆர் இருக்கினம்? அந்த ஆட்டோடதானே கதைக்கிறார்.”

நேர்ஸ் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதிரை காட்டினார். அம்மா உட்காரவில்லை. நேர்ஸின் முகத்தைப் பார்த்தபடி எனக்குச் சொன்னார்:

“சொல்லு பிள்ளை. விரதத்துக்கெண்டு ஒருநாள் நான்தான் இலை உருவினனான். எங்கட ஊர்க் கீரை எண்டு நினைச்சிட்டன். சமைச்சுப் பாத்தால் அது இல்லை, பிறகு நான் தொடேல்லை. மற்றது ஆர் எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் முதல் கை வைச்சது நான். ஆட்டை விட்டுடச் சொல்லு.”

இப்போது யோசித்தால், அம்மா எவ்வளவு துணிந்து வந்தார் என்று விளங்குகிறது. ஒருமுறைதான் எடுத்தார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த அவியாத கீரை. அதைச் சொல்வதற்கு முதல் களவை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் இங்கிலீசு என் வாயில் அல்லவா இருந்தது.

பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்துகிற பிள்ளைகள் இருந்தார்கள். இவர்கள் இலை தின்கிறவர்கள் என்று ஒருத்தி சொல்லித் திரிந்தாள். அந்தத் தெருவில் என் தலையைத் தடவி பிஸ்கட் தந்த ஒரே வெள்ளைக்காரி நேர்ஸ்தான். அவரிடம் போய், உங்கள் அண்ணனின் செடியை என் அம்மா சமைத்துத் தின்றார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதோடு, ஒருமுறைதான் என்பது பொய் என்றும் நான் நம்பியிருந்தேன்.

“உங்கள் செடி பிழைக்க வேண்டும் என்று அம்மா எங்கள் கடவுளுக்கு நேர்ந்திருக்கிறார்,” என்று நேர்ஸிடம் வேகமாகச் சொன்னேன்.

நேர்ஸின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதேதோ சொன்னார், எல்லாம் நன்றிதான்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“பரவாயில்லையாம். கோவம் இல்லையாம்.”

“ஆடு?”

“விடுறாவாம்.”

வீட்டுக்கு வரும்போது அம்மாவின் நடையே மாறியிருந்தது. “பாத்தியே, எவ்வளவு நல்ல மனுசி. ஒரு சொல்லு ஏசேல்லை,” என்றார். அன்றிரவு எனக்குத் தோசை சுட்டுத் தந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு வான் வந்தது. இத்தாலிக்காரர் தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆடு வானுக்குள் ஏற மறுத்தது. அவர் அதன் மண்ணிறக் காதுக்குள் ஏதோ சொன்னார், ஏறிவிட்டது. வான் போன பிறகும் கயிறு அவர் கையில் இருந்தது. அம்மா குசினி யன்னலடியில் நின்று என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்.

“நான் சொன்னனான் எல்லே? நீ சொன்னனி தானே?”

“ஓம் அம்மா.”

“பிறகேன்?”



அடுத்த கிழமை பூங்காக்காரர் வந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. செடியின் உச்சியில் ஒரே ஒரு கொத்துப் பூ மிஞ்சியிருந்தது. அதை வளைத்துப் பார்த்தார், ஒரு காயைப் பிளந்தார், இலைகளை எண்ணினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இது நியூசிலாந்துச் செடி என்றார். அங்கே காக்கா என்று ஒரு பறவை, நம்முடைய காக்கா இல்லை, கிளி இனம். அதன் அலகு போன்ற பூ என்பதால் செடிக்குக் காக்கா அலகு என்று பெயராம். படித்தவர்கள் வைத்த பெயர் கிளியாந்தஸ். அதன் சொந்த நாட்டுக் காட்டிலேயே இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது, ஆட்களின் தோட்டங்களில்தான் இந்தச் செடி உயிரோடு இருக்கிறது என்றார். நேர்ஸ் அண்ணனின் பெயரைச் சொல்லி அழுதார்.

பிறகு அந்த மனிதர் மொட்டைக் கிளைகளைக் கண்ணாடியால் பார்த்தார். செடியின் அடியில் கிடந்த பழைய பலகை ஒன்றைக் காலால் புரட்டினார். கீழே நத்தைகள், கைபிடி கைபிடியாக அள்ளலாம். நத்தைக்கு இதைவிடப் பிடித்த சாப்பாடு கிடையாது என்றார்.

“ஆடு இல்லையா?” என்று நேர்ஸ் கேட்டார்.

“ஆடு வந்திருந்தால் தண்டும் பட்டையும்கூட மிஞ்சியிராது.”

எனக்கு என் கோதுமை மா ஞாபகம் வந்தது. மினுங்கின அந்தக் கோடுகளும் ஞாபகம் வந்தன.

நேர்ஸ் அன்றே இத்தாலிக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. இதையெல்லாம் வேலியால் பார்த்த அம்மாவுக்கு நத்தை விஷயத்தை நான்தான் சொல்லவேண்டி வந்தது.

“நான் போய்ச் சொன்ன பிறகும் ஆட்டை அனுப்பினவ. கையைப் பிடிச்சுச் சிரிச்சுக்கொண்டு, உள்ளுக்குள்ள வைச்சிருந்திருக்கிறா.”

சில கிழமை கழித்து நேர்ஸ் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஜாம் டின், அதற்குள் வேர் பிடித்த சின்னக் கன்று. அம்மாவின் நேர்த்திதான் செடியைக் காப்பாற்றியது, இது அவருக்கு என் நன்றி என்று சொல்லச் சொன்னார். நான் எதைச் சொல்வேன்?

“உங்களுக்காம்,” என்று மட்டும் சொன்னேன்.

அம்மா டின்னை வாங்கினார். கதவைச் சாத்திய பிறகு என் பக்கம் திரும்பினார்.

“களவெடுத்தவளுக்குக் கண்டு கொண்டுவந்து குடுக்கிறா. எவ்வளவு நக்கல் பாத்தியே?”

டின்னைப் பின்படியில் வைத்தார். தண்ணீர் விடவில்லை. நாலாம் நாள் அதில் இரண்டு ஈர்க்குத்தான் நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த மூன்று வருஷமும் அம்மா நேர்ஸின் பக்கம் தலை திருப்பவில்லை. நேர்ஸ் வேலியடியில் கை காட்டிக் காட்டிப் பார்த்து, பிறகு அதையும் விட்டுவிட்டார். இத்தாலிக்காரர் பின்னேரங்களில் வீதிக்கு வருவதை நிறுத்திவிட்டார், கீரைக்கட்டும் நின்றுபோனது. வெள்ளைக்காரர் ஒருவரும் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டினம் என்ற அம்மாவின் முடிவு அந்த வருஷத்தில் விழுந்தது. அவர் இந்த நாட்டில் யாரோடும் ஒட்டாமல் போனதற்கு அப்பா குளிரைக் குற்றம் சொன்னார், மாமா பாஷையைக் குற்றம் சொன்னார். எனக்குத் தெரியும்.

இப்போது அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, மல்கிரேவில் என்னோடு இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முதல் இங்கே ஒரு செடிக் கடையில் அந்தச் சிவப்புப் பூவைக் கண்டேன். பூங்காக்காரர் அன்று சொன்ன அதே கதை சட்டியில் குத்தியிருந்த அட்டையில் இருந்தது. வாங்கிவந்து அம்மாவின் முன்னால் வைத்தேன்.

“நேர்ஸ் வீட்டுச் செவ்வகத்தி,” என்றார் உடனே.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி என்று நான் சொன்னதையும், ஆட்டை விடுகிறாராம் என்று சொன்னதையும், டின்னோடு வந்த நன்றியையும் சொன்னேன். அம்மா ஒரு இலையை விரலுக்கிடையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்தக் கண்டு நக்கலுக்கில்லையோ?”

“இல்லை அம்மா.”

“இதை ஏன் இவ்வளவு காலம் சொல்லேல்லை?”

“பயம்.”

அம்மா என்னைப் பார்த்தார். “அண்டைக்கு மாத்திச் சொன்னனி. இண்டைக்கு மாத்திச் சொல்லேல்லை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

போன செவ்வாய் அவரை டொக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே போய் இருந்ததும் நான் வழமைபோல வாய் திறந்தேன். அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு டொக்டரைப் பார்த்து, பல நாள் பாடமாக்கியதுபோல, தன் இங்கிலீசில் சொன்னார்: “மகள் நோ. இன்ரர்பிரிட்டர் பிளீஸ்.”

டொக்டர் தொலைபேசியை மேசையில் வைத்து மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கத்தை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பெண்ணின் குரல், “வணக்கம் அம்மா, சொல்லுங்கோ” என்றது.

“நீ வெளியில இரு பிள்ளை,” என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை.

வெளியில் வந்து கதிரையில் இருந்தேன். போன மாதம் டொக்டர் அம்மாவின் நோயைப் பற்றிச் சொன்னதில் ஒரு வரியை நான் அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால் அந்த வரியை யாரோ அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.